மூன்று பெட்டிகளில் ஒரு கைத்துப்பாக்கி

துபாயில் அல் குசைஸில் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். அமெரிக்காவில் இணையத்தில் வியாபாரம் செய்யும் சின்னச் சின்னக் கடைகளுக்கு, வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் இங்கே உட்கார்ந்து பதில் எழுதுவார்கள். அற்புதராணி வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குக் கிடைத்தது நாய்த்தீனிக் கடை. நாய் சாப்பிடவில்லை, நாய் வாந்தி எடுக்கிறது, பை கிழிந்து வந்தது என்று வருகிற புகார்களுக்கு நாலு மாதம் பொறுமையாகப் பதில் எழுதினாள். அந்தக் கடை வேறு கம்பெனிக்குப் போய்விட்டது.

"அடுத்த க்ளையன்ட் ரெடி. ஸ்போர்ட்டிங் குட்ஸ்," என்றான் மேனேஜர் ரிஷி.

ரிஷிக்கு முப்பத்தோரு வயது. சென்னைக் குடும்பம், ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் துபாய். எதையும் சிரித்துக்கொண்டே சொல்லுவான். அவன் சொன்ன விளையாட்டுச் சாமான் என்னவென்று பார்க்க அற்புதராணி கடையின் பக்கத்தைத் திறந்தாள். கிரிக்கெட் மட்டையையோ கூடைப்பந்தையோ எதிர்பார்த்தவளுக்கு முன்னால் வரிசையாகக் கைத்துப்பாக்கிகள் வந்து நின்றன. முழுத் துப்பாக்கி ஒன்றுகூட இல்லை. எல்லாம் பாகங்கள். குழல் தனி, மேல்பாகம் தனி, பாதி வேலை முடிந்த பிளாஸ்டிக் சட்டம் தனி. வாங்குகிறவர் வீட்டில் மீதி வேலையை முடித்து மாட்டிக்கொள்ள வேண்டியது.

முட்டத்துக்காரியான அற்புதராணி, துபாயில் ஒரு கிளினிக்கில் ஒன்பது வருடம் இன்ஷூரன்ஸ் அனுமதி பார்க்கும் வேலையில் இருந்தவள். எந்த நோயாளிக்கு எது உண்டு, எது இல்லை என்று பொடி எழுத்தில் இருக்கும் விதிகளைக் கரைத்துக் குடித்தவள். கிளினிக்கை மூடியபிறகுதான் இங்கே வந்தாள். விதிகளைப் படிக்கும் அந்தத் திறமை தெரிந்துதான் ரிஷி அவளைக் கூப்பிட்டான்.

"ராணி, கடைக்கு ஒரு ஹெல்ப் பேஜ் வேணும். சொந்தமா பிஸ்டல் செய்யறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய ஃபெடரல் லா, ஸ்டேட் லா. சிம்பிளா எழுதணும். உங்களவிட இதுக்கு ஆள் கிடையாது."

புகழ்ச்சி பிடித்துத்தான் இருந்தது. மூன்று வாரம் அவள் அதைப் படித்தாள். வீட்டிலும் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தாள். நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் சுபிஷா ஒருநாள் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். திரையில் ரோஜா நிறத்தில் ஒரு துப்பாக்கிச் சட்டம்.

"மம்மி, இட்ஸ் சோ க்யூட்! இது எனக்கு வாங்கித் தருவியா?"

அற்புதராணி படாரென்று மூடினாள். ஒரு பிள்ளையின் பென்சில் பெட்டிக்குக் கொடுக்கிற நிறத்தை இதற்குக் கொடுக்க ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறானே என்று நினைத்தாள்.

கப்பல் பழுதுபார்க்கும் டிரை டாக்கில் டெக்னீஷியனாக இருக்கும் அவள் கணவன் டெனிஷுக்கு இதெல்லாம் நம்பவே முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டான்.

"வீட்டுல வச்சே செய்யலாமா? எடி, இங்க பொம்மத் துப்பாக்கிய கூரியர்ல வரவச்சாலே நாலு கேள்வி கேப்பான். அங்க போலீஸு ஒண்ணும் கேக்கமாட்டானா?"

"அப்பிடி இல்ல கேட்டியளா. ரெண்டு சட்டம் உண்டு. நாடு முழுசுக்கும் ஒண்ணு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒண்ணு. நாட்டுச் சட்டம் என்ன சொல்லுதுன்னா, தனக்குன்னு ஒருத்தன் செஞ்சுக்கலாம், விக்கதுக்குன்னு செய்யக்கூடாது. ஆனா எல்லாப் பாகத்தையும் சேத்து, சட்டுனு துப்பாக்கியா மாத்தக்கூடிய மாதிரி வித்தா, அதையும் துப்பாக்கின்னுதான் எடுப்பாங்க. நம்பர் அடிக்கணும், வாங்குகவன் யாருன்னு சோதிக்கணும். இதுக்கு மேல சில மாநிலத்துல நம்பர் இல்லாம ஒண்ணும் வச்சிருக்கவே கூடாது. எல்லாத்துக்கும் மேல, இன்னின்ன ஆளுக்குத் துப்பாக்கியே கூடாதுன்னு ஒரு லிஸ்ட் உண்டு. பெரிய குற்றத்துல தண்டன வாங்கினவன், பொண்டாட்டிய அடிச்சதுக்காக கோர்ட்டு தள்ளி நிக்கச் சொன்னவன். அவன் கடையில வாங்கினாலும் குத்தம், கையால செஞ்சாலும் குத்தம்."

"பின்ன நல்ல சட்டந்தானே?"

"சட்டம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள்.

அந்தப் பட்டியலைத்தான் அவள் பக்கத்தின் தலையிலேயே வைத்தாள். 'செய்யத் தொடங்கும் முன், உங்களுக்கு அதை வைத்திருக்க உரிமை உண்டா என்று பாருங்கள்' என்று தொடங்கி, யார் யாருக்குக் கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதினாள். படித்துப் பார்த்த ரிஷி கட்டைவிரலை உயர்த்தினான்.

இரண்டு நாள் கழித்துப் பக்கம் வெளியானது. தலையில் இருந்த பகுதியைக் காணவில்லை. கீழே வரை உருட்டிப் பார்த்தாள். எங்கேயும் இல்லை. 'மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அவள் எழுதிய மீதி எல்லாம் அப்படியே இருந்தது. அதைப் படிக்கிற எவனுக்கும், ஒரு படித்த நேர்மையான ஆள் பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்வதுபோல இருக்கும்.

"அந்தப் போர்ஷன் நெகட்டிவ்வா இருக்குன்னு க்ளையன்ட் ஃபீல் பண்ணாங்க," என்றான் ரிஷி.

"சார், அதுதானே முக்கியம்?"

"தெரிஞ்சவனுக்குத் தெரியும் ராணி. வாங்க வர்றவன வாசல்லயே ஏன் பயமுறுத்தணும்?"

அவள் சீட்டுக்குத் திரும்பினாள். அதன்பிறகு ஏழு வாரம் அந்தக் கடைக்கு வேலை பார்த்தாள். காலை ஆறு மணிக்கு டியூட்டி. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போது முந்தின நாள் சாயங்காலம். வேலைவிட்டு வீடு திரும்பியவர்கள் ஆர்டர் போடும் நேரம். ஆர்டரைத் திறக்க வேண்டும், மாநிலத்தைப் பார்க்க வேண்டும், அனுப்பலாம் என்றால் ஒரு டிக். ஒரு நாளைக்கு நூறு, நூற்றிருபது டிக். சில பெயர்கள் மனதில் உறுத்தும். ஆனால் டிக் போடும் கட்டத்தில் கேட்டது மாநிலத்தை மட்டுந்தான். அவளும் மாநிலத்தை மட்டும் பார்த்தாள்.

கர்ட் என்கிறவன் சாட்டில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு. மரியாதையாகத்தான் தொடங்கினான். உங்கள் சட்டப் பக்கத்தைப் படித்தேன், மிகத் தெளிவாக இருக்கிறது, எழுதியவருக்கு நன்றி என்றான். தன் மாநிலத்துக்கு அந்த பிளாஸ்டிக் துப்பாக்கிச் சட்டத்தை அனுப்புவீர்களா என்று கேட்டான். இல்லை, உங்கள் மாநிலத்தில் நம்பர் இல்லாத பாகத்துக்கு அனுமதி இல்லை, நம்பர் போட்டது வேண்டுமென்றால் உரிமம் பெற்ற கடை வழியாக, சோதனைக்குப் பிறகு வாங்கலாம் என்று அவள் எழுதினாள்.

'கடைக்குப் போனேன். சோதனையில் மறுத்துவிட்டார்கள். அதனால்தான் நானே செய்யலாமென்று.'

'ஏன் மறுத்தார்கள்?' என்று கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. கேட்டாள்.

'முன்னாள் மனைவி கோர்ட்டில் ஒரு தாள் வாங்கி வைத்திருக்கிறாள். நான் அவள் பக்கமே போகக்கூடாதாம். இன்னும் பதினாலு மாதம். அவ்வளவு நாள் காத்திருக்கிற ஆள் நான் இல்லை.' கடைசியில் ஒரு சிரிக்கும் முகம். அதற்கடியில் இன்னொரு வரி வந்தது. 'ஊர் மாறினால் கண்டுபிடிக்க மாட்டேன் என்று நினைத்தாள்.'

என்ன எழுத வேண்டும் என்பதில் அற்புதராணிக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த உத்தரவு இருக்கும்வரை துப்பாக்கியோ தோட்டாவோ உங்கள் கையில் இருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம், வாங்கினாலும் சரி, நீங்களே செய்தாலும் சரி, எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி, உங்களுக்கு எதுவும் விற்க முடியாது என்று எழுதினாள்.

பதில் உடனே வந்தது.

'உங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லையே?'

அந்த ஒரு வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். அவன் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் அது இல்லை. இருந்ததை எடுத்த ஆள் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தான். சாட் உரையாடலை முழுக்கப் படமெடுத்துத் தன் போனில் வைத்துக்கொண்டு, எழுந்து போய் ரிஷியிடம் காட்டினாள்.

ரிஷி முழுவதையும் நிதானமாகப் படித்தான்.

"நீங்க ஏன் காரணம் கேட்டீங்க?" என்றான்.

"சார்?"

"ஏன் மறுத்தாங்கன்னு நீங்க கேக்கலைன்னா அவன் சொல்லியிருக்க மாட்டான். அவன் சொல்லலைன்னா நமக்குத் தெரியாது. நமக்குத் தெரியலைன்னா ப்ராப்ளம் இல்ல. இப்ப பாருங்க, நீங்களே ஒரு ப்ராப்ளத்த உண்டாக்கிட்டீங்க."

"அந்தப் பொம்பளைய கண்டுபிடிச்சுட்டேன்னு சொல்லுதான் சார்."

"ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லுவான். வாய்ச்சொல். நாம சப்போர்ட், ராணி. ஜட்ஜ் இல்ல." அவன் மவுஸை நகர்த்தினான். அவள் கண்ணெதிரிலேயே உரையாடலில் இருந்து கோர்ட்டு, மனைவி, பதினாலு மாதம் எல்லாம் போனது. 'வாடிக்கையாளர் அனுப்பும் விவரம் கேட்டார்' என்று மட்டும் நின்றது. "கலாஸ், முடிஞ்சது. இத நான் பாத்துக்கறேன். நீங்க அடுத்தத எடுங்க."

அவனுடைய விரல்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சுத்தமான, நகம் வெட்டிய விரல்கள். மேஜையில் இருந்த சம்சாவின் எண்ணெய் அவற்றில் பளபளத்தது. அந்த விரல் பட்ட எதையும் இனித் தொடக்கூடாது என்று தோன்றியது.

பதினோரு மணிக்கு அவள் திரையில் மூன்று புது ஆர்டர்கள் வந்து விழுந்தன. பெயர் கர்ட் இல்லை, ஆனால் அதே குடும்பப் பெயர். முகவரி பக்கத்து மாநிலம். ஒன்றில் பிளாஸ்டிக் சட்டம், ஒன்றில் குழல், ஒன்றில் மேல்பாகமும் சில்லறைச் சாமான்களும். டிக் போட்டிருந்தது அவளுக்கு அடுத்த சீட்டில் இருக்கும் ஃபவாஸ்.

ஃபவாஸ் காயல்பட்டினத்துப் பையன், கல்யாணமாகி ஒரு வருடம். அவள் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள்.

"இது யாரு ஃபவாஸு?"

அவன் திரும்பவில்லை. "அவனோட தம்பி அட்ரஸ் அக்கா. ரிஷி சார்தான் அப்படிப் போடச் சொன்னாங்க."

"அண்ணனுக்குத்தான் போவுதுன்னு தெரியுமா உனக்கு?"

"ஒரே பெட்டில போனா துப்பாக்கியாம். மூணு பெட்டில போனா வெறும் இரும்பு, பிளாஸ்டிக்காம். சார் சொன்னாங்க."

"சட்டம் அப்பிடிச் சொல்லலை. நான் படிச்சிருக்கேன். ஏமாத்துகதுக்காகப் பிரிச்சு அனுப்பினா அதையும் பாப்பாங்க."

"அக்கா," என்று அவன் இப்போதுதான் முகத்தைத் திருப்பினான். "நஜீஹாவுக்கு எட்டு மாசம். விசா இவங்க கையில. நான் என்ன செய்ய? நீங்களும் ஏழு வாரமா டிக் போட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவள் எழுந்து கழிவறைக்குப் போனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு கண்ணாடியைப் பார்க்காமல் வெளியே வந்தாள். ரிஷியின் மேல் வந்த அருவருப்பு அவன் மேல் மட்டும் நிற்கவில்லை. ஃபவாஸின் குனிந்த தலைமேல் படிந்தது, அந்தச் சிரிக்கும் முகத்தின் மேல் படிந்தது, டிக் போட்ட தன் கைமேலும் படிந்தது.

அமெரிக்காவில் கிடங்கு திறக்க இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது. ரிஷி மதியச் சாப்பாட்டுக்குப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு மூன்று ஆர்டர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து ரத்து செய்தாள். காரணம் எழுதும் இடத்தில், 'உண்மையில் வாங்குபவர் நீதிமன்றத் தடை உத்தரவின் கீழ் இருப்பவர்' என்று எழுதினாள். கடை முதலாளியின் சட்ட விவகார மின்னஞ்சலுக்குப் படத்தை அனுப்பினாள்.

டியூட்டி முடிந்து பஸ்ஸில் போகும்போதே பதில் வந்துவிட்டது. 'எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி! பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை. சட்டம் பற்றி அறிய இந்தப் பக்கத்தைப் படியுங்கள்.' கீழே அவள் எழுதிய பக்கத்தின் இணைப்பு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த பிலிப்பினோப் பெண் திரும்பிப் பார்க்கிற மாதிரியான சிரிப்பு. அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கினாள். வெயிலில், பக்காலா என்கிற ஒரு மளிகைக் கடையின் நிழலில் நின்றுகொண்டு, படத்தில் கர்ட்டின் பெயருக்கு அடியில் இருந்த ஊர் எந்த ஷெரீஃப் போலீஸ் அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று தேடினாள். நடந்ததை நாலு பத்தியில் எழுதி, படங்களைச் சேர்த்து, தன் பெயரையும் போன் நம்பரையும் போட்டு அனுப்பினாள்.

டெனிஷிடம் சொன்னபோது அவன் கையில் இருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தான்.

"கம்பெனி விசயத்த வெளிய குடுத்தியா? இங்க அதுக்குக் கேசு போடுவான். தெரியாதா உனக்கு?"

"தெரியும்."

"சுபிஷாவ நெனச்சியா?"

"நெனச்சேன். அந்தப் பொம்பளைக்கும் பிள்ள இருக்குமோன்னும் நெனச்சேன்."

அவன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் மூன்றாம் நாள், அவள் கேட்காமலே, விசா விண்ணப்பம் அடித்துத் தரும் டைப்பிங் சென்டருக்குப் போய் அவளைக் கம்பெனி விசாவிலிருந்து தன் விசாவுக்கு மாற்ற என்னென்ன தாள் வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்தான்.

அது தேவையாகத்தான் இருந்தது. ரத்தான ஆர்டர்களை ரிஷி மறுநாளே கண்டுபிடித்துவிட்டான். முதன்முதலாக அவன் சிரிக்காத முகத்தை அவள் பார்த்தாள்.

"யாருக்கெல்லாம் அனுப்பினீங்க?"

"கடைக்காரருக்கு. அங்கத்த போலீஸுக்கு."

"டேட்டா லீக், ராணி. நான் ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்தா நீங்க ஊருக்குக்கூடப் போக முடியாது."

"குடுங்க சார். அந்த சாட்டுல எதையெல்லாம் அழிச்சியன்னு என்கிட்ட படம் உண்டு. கேசுன்னா ரெண்டையும் சேத்துத்தான் பாப்பாங்க."

ரிஷி எழுந்து போய், அவளாகவே வேலையை விட்டுவிட்டதாக ஒரு தாளை அடித்துக்கொண்டு வந்து நீட்டினான். அவள் கையெழுத்துப் போட்டாள். புகார் எதுவும் அவன் கொடுக்கவில்லை. வெளியே வரும்போது ஃபவாஸ் தலைநிமிரவில்லை. அவள் டிபன் டப்பாவை மறந்து வைத்துவிட்டாள். திரும்பிப் போய் எடுக்க மனமில்லாமல் அப்படியே படியிறங்கினாள்.

ஒன்பதாம் நாள் காலையில், அரிசி களைந்துகொண்டிருந்தபோது, தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தது. ஷெரீஃப் அலுவலகத்துப் பெண் அதிகாரி. நிறுத்தி நிதானமாக ஆங்கிலம் பேசினாள். மின்னஞ்சலை அனுப்பியது நீங்கள்தானா என்று உறுதி செய்துகொண்டபிறகு விஷயத்தைச் சொன்னாள். நீதிமன்ற அனுமதியோடு கர்ட்டின் வீட்டைச் சோதனை போட்டார்கள். உங்கள் கடையிலிருந்து எதுவும் வந்திருக்கவில்லை. ஆனால் வேறு இரண்டு கடைகளின் பெட்டிகள் இருந்தன. முக்கால்வாசி மாட்டி முடித்த ஒரு கைத்துப்பாக்கி, கார் ஷெட்டில் மேஜைமேல் இருந்தது. முன்னாள் மனைவி வேலை பார்க்கும் இடத்தின் புது விலாசம் எழுதிய தாளும் அங்கேயே இருந்தது. அவன் இப்போது காவலில் இருக்கிறான்.

"வேறு கடைகளிலும் அவன் இப்படித்தான் பேசியிருப்பான். எங்களுக்கு எழுதியது நீங்கள் ஒருவர்தான்," என்றாள் அதிகாரி. "அந்தப் பெண்ணிடம் சொன்னோம். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள்."

ஒருத்தி உயிரோடு இருக்கிறாள் என்பது அற்புதராணிக்குப் பெரிய ஆறுதல்தான். கண்ணும் நிறைந்தது. ஆனால் நன்றி என்ற சொல் மட்டும் அவள்மேல் வந்து ஒட்ட மறுத்தது. தட்டில் வைத்து நீட்டியதை எச்சில் கையால் வாங்குவதுபோல் இருந்தது.

அதிகாரி விடைபெறப் போனாள்.

"வைத்துவிடாதீர்கள்," என்றாள் அற்புதராணி ஆங்கிலத்தில். "இன்னும் இருக்கிறது."

"என்ன இருக்கிறது?"

"நான் அங்கே ஏழு வாரம் வேலை பார்த்தேன். சந்தேகம் வந்தும் டிக் போட்ட ஆர்டர்கள் உண்டு. என்னிடம் தாள் எதுவும் இல்லை. ஞாபகத்தில் இருப்பதைச் சொல்கிறேன். எழுதிக்கொள்வீர்களா?"

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. சொல்லுங்கள் என்றாள் அதிகாரி.

அவள் சொன்னாள். பிறந்த வருடத்தை மூன்று தடவை மாற்றி அடித்து, பதினெட்டு வயதுக்கு மேல் வரும்படி செய்த ஒருவன். ஒரே விலாசத்துக்கு ஆறு பெயரில் பதினொரு துப்பாக்கிச் சட்டங்கள் கேட்ட ஒருவன். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகும் பைக்குள் அடங்குமா என்று அளவு கேட்ட ஒருவன். அவனுக்கு அவள், சென்டிமீட்டரில் வேண்டுமா அங்குலத்தில் வேண்டுமா என்று கேட்டுப் பதில் எழுதியிருந்தாள். அதை மட்டும் இரண்டு தடவை தொடங்கித்தான் சொல்லி முடித்தாள். அதிகாரி அவசரப்படுத்தவில்லை. அந்தப் பையனின் ஊர் ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

இருந்தது. எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.